ஹாப்ஸ் சார்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிப் போனால், காலை ஏழு மணிக் காபிக் கடையில் அவரைப் பார்க்கலாம். பக்கத்து மேசையில் ருத்திராட்சம் போட்ட வெள்ளைக்காரர், எதிரே வீட்டு வாடகை பேசும் தரகர், நடுவில் இவர். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். "கசப்பு முன்னாடியே வந்து உக்காந்துடுச்சு, வாசனையக் காணோமே" என்பார். கடைக்காரர் பாவம், "சர்க்கரை போடட்டுமா சார்?" என்று கேட்பார்.

இவர்தான் ஹாப்ஸ் சார். வயது ஐம்பதுக்குள். பல வருஷம் அமெரிக்காவில் கணினி வேலை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். திரும்பி வருகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள், மெத்தை கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தவை ஒரு ஹைட்ரோமீட்டர், 19 லிட்டர் கண்ணாடி ஜாடி, மில்லிகிராம் நிறுக்கும் தராசு, பிறகு சார்லி பாப்பாசியன் 1984-ல் வெளியிட்ட வீட்டு பீர் புத்தகம். ஜாடியில் இப்போது அம்மா துவரம்பருப்பு கொட்டி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்க 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வழிவிட்டார். மாநிலங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கடைசி வரை முரண்டு பிடித்த மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல் ஒத்துக்கொண்டன. அந்தக் கணக்குப்படி தமிழ்நாடும் ஒருநாள் இறங்கி வரும் என்பது ஹாப்ஸ் சாரின் நம்பிக்கை. இங்கே 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. 2003 முதல் சில்லறை மதுக்கடையை டாஸ்மாக் என்ற பெயரில் அரசாங்கமே நடத்துகிறது. "அவங்க கடை போட்டு விக்கலாம், நான் வீட்டுல ஒரு குடம் காய்ச்சக் கூடாதா?" என்று பள்ளித் தோழரான வக்கீலைக் கேட்டார்.

"கூடாது" என்றார் வக்கீல்.

ஆகவே அவர் காய்ச்சுவதில்லை. பேசுகிறார். பேச்சுக்கு உரிமம் வேண்டியதில்லை.

கேட்க ஆள் வேண்டுமே. பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். நடுவில் கழன்றுகொள்ள முடியாது. துணைக்குச் சித்தப்பா கிடைப்பார். சித்தப்பா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், நடக்கும்போது சிவபுராணம் சொல்கிற வழக்கம் உள்ளவர். வழியில் வரும் இந்திர லிங்கத்தில் பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்குவது தொடங்கும். அக்னி லிங்கத்தில் பேச்சும் கொதிநிலைக்கு வந்துவிடும்.

"பீர்ல போடற ஹாப்ஸ் பூவுல ஆல்ஃபா அமிலம்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா. அது அப்படியே இருந்தா தண்ணியில சரியாக் கரையாது. கொதிக்கக் கொதிக்க உருமாறும். அப்பதான் கசப்பு இறங்கும். ஆனா எண்ணெய்ல இருக்கிற வாசனை, கொதிச்சா ஆவியாப் போயிடும்."

இவ்வளவோடு விட்டால் அவர் ஹாப்ஸ் சார் இல்லை. கசப்புக்கு ஐபியூ என்று ஓர் அலகு உண்டு. உருமாறிய அமிலம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் ஏறக்குறைய ஓர் ஐபியூ. 10 சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ் 28 கிராம், நடுத்தர இனிப்புள்ள மால்ட் சாறு 19 லிட்டர். க்ளென் டின்செத் என்பவரின் சூத்திரப்படி, 60 நிமிடம் கொதித்தால் கசப்பு சுமார் 34. அதே 28 கிராமைக் கடைசி 15 நிமிடத்தில் போட்டால் 17. கடைசி 5 நிமிடத்தில் போட்டால் 7. சாறு இனிப்பாக இருக்க இருக்கக் கசப்பு இறங்குவது குறையும். இதையெல்லாம் அவர் கையில் காகிதமில்லாமல் சொல்வார். பக்கத்தில் நடக்கிறவர்கள் பஞ்சாங்கக் கணக்கு என்று நினைத்து மரியாதையாக ஒதுங்குவார்கள்.

எம லிங்கம் வரை சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கசப்பு வேணும்னா முதல்ல போடு, வாசனை வேணும்னா கடைசில போடு. அவ்வளவுதானே? உங்கம்மா ரசத்துக்குக் கொத்தமல்லிய எப்ப போடறா?"

அடுப்பை அணைத்த பிறகுதான். ஹாப்ஸ் சார் அசரவில்லை. புளித்து முடிந்த பீரில், அடுப்பே இல்லாமல், சில நாள் ஹாப்ஸை ஊறப்போடும் முறைக்குத் தாவிவிட்டார். அதில் கசப்பு அதிகம் ஏறாது, மணம் மட்டும் தூக்கும். வருண லிங்கத்தில் தண்ணீர். சல்பேட் கூடிய நீரில் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகத் தெரியும். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் அப்படித்தான் பெயர் வாங்கியது. சாத்தனூர் அணைத் தண்ணீரா, வீட்டு போர் தண்ணீரா, எதில் காய்ச்சலாம் என்று அவர் இரண்டையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அம்மா மகிழ்ந்தார், குடிநீர் விஷயத்தில் பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று. வாயு லிங்கத்தில் காற்று பட்டால் ஹாப்ஸ் மணம் எப்படிக் கெடுகிறது என்ற விளக்கம். குபேர லிங்கத்தில் கூட்டம் அதிகம், அங்கே மட்டும் சித்தப்பா தப்பித்தார்.

மொட்டை மாடியில் பந்தல் போட்டு ஹாப்ஸ் கொடி ஏற்றும் திட்டமும் ஒன்று உண்டு. கொடிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், கோடையில் நீண்ட பகல் வேண்டும். இமாசலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைந்திருக்கிறது. அண்ணாமலையார் ஊர் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு 12 பாகை வடக்கே. இங்கே மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடாது. திட்டத்தைக் கவிழ்த்தது பூகோளம் அல்ல. ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம் என்று அவரே அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "போலீஸ் வர்ற செடி எதுவும் இந்த வீட்டு மாடியில வேணாம் கண்ணு" என்று தீர்ப்பாகிவிட்டது.

மிச்சம் இருப்பது அடுக்களை. காய்ச்சல் காலத்தில் அம்மா நிலவேம்புக் குடிநீர் வைப்பார். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் என ஒன்பது சரக்கு. தண்ணீர் நாலில் ஒரு பங்காக வற்ற வேண்டும். ஹாப்ஸ் சார் நிறுத்துக் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பார். வெட்டிவேரைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் மணம் நிற்கும் என்று யோசனை சொன்னார். தர்க்கப்படி அது சரிதான். "இது காய்ச்சலுக்குக் குடிக்கிறது, மோந்து பாக்கறதுக்கு இல்ல" என்றார் அம்மா. மருந்துப்படி இதுதான் சரி.

டாஸ்மாக் பீரை அவர் பீர் என்றே ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே தொடுவதில்லை. தீபத் திருவிழாவுக்குக் கடைகளை மூடும்போது ஊரில் பலர் தவிப்பார்கள், இவருக்கு ஒரு பாதிப்பும் கிடையாது. எப்போதாவது பெங்களூரு போய், மதுக்கூடத்திலேயே காய்ச்சித் தரும் இடத்தில் அரை டம்ளர் ருசி பார்த்துவிட்டு, பரிமாறும் பையனுக்கு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு வருவார். திருவண்ணாமலையில் அவருக்குக் குடிப்பழக்கமே இல்லாதவர் என்று நல்ல பெயர். தெருவில் பெண் கொடுக்கிறவர்கள்கூட மாப்பிள்ளை விசாரிக்க அவரிடம்தான் வருகிறார்கள்.

அப்படி அவரைப் பார்க்கப் போகிறவர்கள் பீர் என்ற சொல்லை மட்டும் எடுக்காமல் இருப்பது நல்லது. தவறி எடுத்துவிட்டால் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதலில் போடும் ஹாப்ஸுக்கே அறுபது நிமிடம் ஆகும்.