பட்டாளம், சட்டசபை, பெரியாறு

கேள்வி: அரசவை மரியாதை, போர்க்களம், சட்டசபை என மூன்றிலும் கால் வைத்த இங்கிலாந்துப் பிரமுகர்களைப் பற்றிப் படித்தேன். நம் பக்கம் அப்படி யாராவது உண்டா?
- வாசகர், சின்னமனூர்

பதில்: உங்கள் ஊர் வயலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவரையே மறந்துவிட்டால் எப்படி! கர்னல் ஜான் பென்னிகுயிக், 1841-ல் புனேயில் பிறந்தவர். தகப்பனார் 1849-ல் சிலியன்வாலா போரில் மாண்டார். மகன் பட்டாளத்துப் பொறியாளராகி அபிசீனியப் படையெடுப்புக்குப் போய் வந்தார். சென்னை மாகாணச் சட்டமன்றக் கவுன்சிலிலும் அமர்ந்தார். அந்தக் காலத்தில் அதற்கு வீடு வீடாகக் கும்பிடு போட வேண்டியதில்லை! விக்டோரியா மகாராணியின் அரசு சி.எஸ்.ஐ. பட்டமும் தந்தது.

ஆனால் அவர் நிஜமாகச் சண்டை போட்டது பெரியாற்று வெள்ளத்தோடுதான். 1887-ல் தொடங்கிய பெரியாறு அணை வேலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டி 1895-ல் முடித்தார். அரபிக்கடலுக்குப் போன தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது.

சொத்தை விற்று அணை கட்டினார் என்பது ஊர் சொல்லும் கதை. கட்டியது அரசாங்கப் பணத்தில். அதனால் அவர் பெருமை ஒரு குண்டுமணிகூடக் குறையாது. ஜனவரி 15, அவர் பிறந்தநாளில் பாலார்பட்டிக்காரர்கள் பொங்கல் வைக்கிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

கவுன்சிலில் அவர் என்ன பேசினார் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய உறுப்பினர்களே, போஸ்டர் காசில் ஒரு கண்மாயைத் தூர் வாருங்கள். உங்களுக்கும் பொங்கல் வைப்பார்கள்!