மூணு மாசத்துல முப்பது லட்சம்

வாலே பேராண்டி, உக்காரு. ஒங்க அப்பன் காலைல வந்துட்டுப் போனான். நீ சேரப்போற கோர்ஸுக்குப் பணம் பத்தலையாம், குளத்தங்கரை வயலை ஒத்திக்கு விடலாமான்னு கேட்டான். தாராளமா விடுலேன்னு சொல்லிட்டேன். வயல்ல என்ன வருது, நெல்லுதானே? நீ மூணு மாசத்துல ஏஐ, டேட்டா சயின்ஸ், கிளவுட், டெவ்ஆப்ஸ், சைபர் செக்யூரிட்டி அஞ்சையும் முடிச்சு, முப்பது லட்சம் சம்பளத்துல போய் உக்காரப்போறே. நோட்டீஸ்லயே போட்டிருக்கானே, வழுவழுன்னு தாள்ல. பொய்யாவா இருக்கும்?

நான் எட்டாங்கிளாஸ். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கொரோனாவுக்கு மாடி ஏறுன ஒங்க அக்கா இன்னும் இறங்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு 'சர்வர் விழுந்துட்டு'ன்னு அவளுக்குப் போன் வரும். இந்த வயசுல எனக்கும் உறக்கம் ஏது? ஒரு கட்டங்காப்பியைப் போட்டுக் குடுத்துட்டு, 'என்ன தாயி ஆச்சு'ன்னு பக்கத்துல உக்காந்துருவேன். அவ சொல்லுவா. அம்புட்டுத்தான் என் படிப்பு. அதனால நான் சொல்லுததை ரொம்பக் காதுல போட்டுக்காதே.

கோர்ஸுக்குப் பேரு மட்டும் புதுசா இருக்கான்னு பாத்துக்கோ. 2012ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூன்னு ஒரு பெரிய இடத்துப் பத்திரிகை, இந்த நூற்றாண்டுலயே கவர்ச்சியான உத்தியோகம் டேட்டா சயின்டிஸ்ட்தான்னு எழுதிப்புட்டான். கவர்ச்சின்னதும் ஊர்ப்பட்ட பயலுவ அந்தப் பக்கம் ஓடுனானுவ. 2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்துச்சு. ரெண்டு மாசம் ஆகலை, ஆந்த்ரே கார்பதின்னு அந்தத் துறையில பெரிய தலை, இனிமே புரோகிராமிங் மொழின்னா இங்கிலீஷ்தான்னு சொல்லிட்டாரு. உடனே ஊருக்கு ஊரு பிராம்ப்ட் இன்ஜினியர்னு போர்டு தொங்குச்சு. உனக்கு இங்கிலீஷ்லயும் ஒரு அரியர் கிடக்கு, அதை நான் சொன்னா கோவிப்பே.

பழசானா சீந்த ஆளில்லைன்னும் நெனைச்சிராதே. கோபால்னு ஒரு மொழி, 1959ல அமெரிக்காவுல உண்டாக்க ஆரம்பிச்சது. (நம்ம கோவாலு மாதிரி எவனோ ஒரு ஆளுன்னுதான் ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.) 2020 ஏப்ரல்ல, கொரோனாவுல வேலை போனவன் எல்லாம் உதவித்தொகைக்கு எழுதிப் போட, நியூ ஜெர்சி மாகாணத்துல இருந்த பழைய கம்ப்யூட்டர் திணறிட்டு. கவர்னர் பில் மர்பி, கோபால் தெரிஞ்சவுக இருந்தா ஒத்தாசைக்கு வாங்கன்னு எல்லாருக்கும் கேக்க அழைச்சாரு. அதைக் கேட்டதுல இருந்து நானும் கொஞ்சம் நிமிந்துதான் நடக்கேன்.

டேட்டா சயின்ஸ்னா பெரிய பெரிய சூத்திரமா இருக்கும்னு நெனைக்கே. இருக்கும், கடைசியில. அதுக்கு முன்னால போன மாசம் பூரா ஒங்க அக்கா என்ன செஞ்சான்னு போய்க் கேளு. சங்கரன்கோவில், சங்கரன்கோயில், எஸ்.கோவில், இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டி எழுதுனது அஞ்சாறு தினுசு, எல்லாம் ஒரே ஊருன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தா. லாஸ்ட் நேம்னு ஒரு கட்டம் இருக்காம். நம்ம ஆளுவ அதுல ஒருத்தன் இனிஷியலைப் போட்டிருக்கான், ஒருத்தன் அப்பன் பேரைப் போட்டிருக்கான், ஒருத்தன் வெறும் புள்ளி வச்சிட்டுப் போயிட்டான். ஒரே ஆளு மூணு ஆளா நிக்கான். இதைச் சரிபண்ணாம ஏஐக்குக் குடுத்தா, இல்லாத ரெண்டு பேருக்கும் சேத்து அது ஜோசியம் சொல்லும். இந்த வேலைக்கு அவ கையில எடுத்தது எஸ்க்யூஎல். 1970கள்ல ஐபிஎம்ல பொறந்தது, ஒங்க அப்பன் வயசு இருக்கும். ஒன் நோட்டீஸ்ல அதைத் தேடிப் பாத்தேன், அடியில பொடி எழுத்துல கிடக்கு. சரிதான், பழசைப் பெரிய எழுத்துல போட்டா பீஸு வசூலாகுமா?

டெவ்ஆப்ஸ், கிளவுட்னு போறதுன்னா இன்னும் சுகம். சர்டிபிகேட்டை வாங்கி லிங்க்டின்ல மாட்டிரு. பேக்கப் வேலை செய்யுதான்னு மட்டும் சோதிச்சுப் பாத்துறாதே, நேரம் வீணாப்போகும். 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப் கம்பெனியில இப்படித்தான் ஆச்சு. ஒரு இன்ஜினியர் ரெண்டாவது சர்வர்ல அழிக்கவேண்டியதை அசதியில முதல் சர்வர்ல அழிச்சுட்டாரு. சுதாரிச்சு நிறுத்துததுக்குள்ள 300 ஜிபியில மிஞ்சுனது 4.5 ஜிபி. அதான் பேக்கப் இருக்கேன்னு போனா, வச்சிருந்த அஞ்சு ஏற்பாட்டுல ஒண்ணும் ஒழுங்கா நிக்கலை. ஒண்ணு வெர்ஷன் பொருந்தாம எடுக்கவே இல்லை, எடுக்கலைன்னு சொல்லவேண்டிய மெயிலும் ஆளுகிட்ட வந்து சேரலை. வேற ஏதோ சோலிக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால ஒரு ஆளு கையால எடுத்து வச்ச நகல் கிடந்துச்சு பாரு, அதுதான் காப்பாத்துச்சு.

பொறவு செஞ்சானுவ ஒரு காரியம். மீட்டெடுக்கிற வேலையை யூட்யூப்ல நேரலையா விட்டு, எங்க சறுக்குனோம்னு பூராவும் எழுதி ஊருக்குப் போட்டுட்டானுவ. அதுக்குப் போஸ்ட்மார்ட்டம்னு பேராம். பேரைக் கேட்டு நான் பதறிப்போனேன். ஒங்க அக்கா வேலைக்கு ஆளெடுக்கிறப்ப முதல் கேள்வியே, 'நீ எதைக் கெடுத்தே, எப்படிக் கண்டுபிடிச்சே'ங்கதுதானாம். நீ அதுக்கு அந்த வழுவழுத் தாளைக் காட்டு, மயங்கி விழட்டும்.

டெஸ்டிங்னா மட்டமான வேலைன்னு போன பொங்கலுக்குச் சொன்னே. சரியாச் சொன்னே. 2024 ஜூலை 19ல, காவலுக்குன்னு கம்ப்யூட்டருக்குள்ள குடியிருந்த கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு அப்டேட் அனுப்புச்சு. 20 தகவல் வரும்னு காத்திருந்த இடத்துல 21ஐ அனுப்பிட்டான். இருபது இலை போட்ட பந்தியில இருபத்தோராவது ஆளு வந்தா நம்ம ஊர்ல ஓரமா ஒரு இலையை இழுத்துப் போட்டுருவான். விண்டோஸுக்கு அந்த இங்கிதம் தெரியலை, நீலத்திரையைக் காட்டிட்டுப் படுத்துட்டு. ஒண்ணு ரெண்டு இல்லை, 85 லட்சம் கம்ப்யூட்டர். நம்ம நாட்டு ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் குடுத்தானுவ. அந்த ஒரு கட்டத்தை முன்னாலயே எண்ணிப் பாத்திருக்க வேண்டிய மட்டமான வேலைக்காரன் யாருன்னு இன்னும் யோசிக்கேன்.

அந்த வருஷமே மார்ச்ல ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு ஆளு என்ன பண்ணுனாரு தெரியுமா? தன் மெசின்ல லாகின் ஆகதுக்கு அரை செகண்டு கூட ஆகுதேன்னு எரிச்சல்பட்டாரு. அரை செகண்டு! நீ பல் தேய்க்கவே அரை மணி நேரம் எடுக்கே. அந்த மனுசன் விடாமத் தோண்டிப் பாத்தா, எக்ஸ்இசட்னு லினக்ஸ்ல எல்லாரும் வச்சிருக்கிற ஒரு சின்னச் சாமானுக்குள்ள எவனோ கள்ளவாசல் வச்சிருக்கான். ஜியா டான்னு பேரை வச்சுக்கிட்டு, ரெண்டு வருஷத்துக்கு மேல கூடமாட ஒத்தாசை செஞ்சு நல்லபேரு வாங்கி உள்ள வந்த ஆளு. ஃப்ராய்ண்ட் டேட்டாபேஸ் வேலைக்காரரு, செக்யூரிட்டி அவருக்குச் சோலியே இல்லை. இதை எந்த மூணு மாசக் கோர்ஸ்ல சொல்லித்தாரான்னு ஒன் மாஸ்டர்கிட்ட விசாரி.

எனக்கும் செக்யூரிட்டி வேலை வந்துச்சுலே. 'கரண்டு பில் கட்டலை, இன்னைக்கு ராத்திரி கட் பண்ணிருவோம்'னு போன்ல மெசேஜ். ஈபி ஆபீஸு எதுக்குப் பத்து நம்பர் தனி செல்லுல இருந்து எழுதுது, நம்ம கனெக்ஷன் நம்பரு அதுல எங்கன்னு பாத்தேன், இல்லை. விட்டுட்டேன். ஒங்க அப்பன் பி.காம். அவன் அதுல இருந்த லிங்க்கைத் தொடப்போனான், நான் கையில தட்டிவிட்டேன். சம்பளம்தான் யாரும் குடுக்கலை.

ஏஐயே கோடு எழுதிரும், நான் எதுக்கு இம்புட்டும் படிக்கணும்னு கேப்பே. எழுதட்டுமே. ஒங்க அக்காவும் அதைத்தான் எழுதச் சொல்லுதா. எழுதுனதை வரிவரியா வாசிச்சு, 'இது இல்லவே இல்லாத லைப்ரரியைக் கூப்பிடுது'ன்னு திட்டவும் செய்யுதா. திட்டத் தெரியணும்னா வாசிக்கத் தெரியணும்லா.

ஓசியில கிடைக்கிறது பக்கம் போயிறாதே, கௌரவக் குறைச்சல். ஐஐடி வாத்தியாருக என்பிடெல்ல பாடம் நடத்திப் போட்டிருக்காக, காசில்லாமப் பாக்கலாம். 2022ல கவர்மெண்டு நான் முதல்வன்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஒங்க காலேஜுக்கே வந்துச்சு. அந்த கிளாஸ் அன்னைக்கு நீ குத்தாலத்துல குளிச்சுக்கிட்டு இருந்தே. பக்கத்துல மத்தளம்பாறையில சோஹோ இருக்கு. அவுக பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளையளை எடுத்து, கையில பணமும் குடுத்துச் சொல்லித்தாராக. பணம் வாங்கிக்கிட்டுப் படிக்கதா? சீச்சீ, நம்ம குடும்பத்துக்கு வயலை ஒத்தி வச்சுப் படிச்சாத்தான் ஏறும்.

சரி, இந்த ஒண்ணை மட்டும் செய். மாடியில அக்காளோட பழைய லேப்டாப் தூசியடைஞ்சு கிடக்கு. அதுல லினக்ஸைப் போடு. நம்ம பால் சொசைட்டிக் கணக்கை மூணு வருஷத்துக்கு எஸ்க்யூஎல்ல ஏத்து. ஏத்தி முடிச்சதும் பேக்கப் எடுத்துட்டு, ஒன் கையாலயே மொத்தத்தையும் அழி. பொறவு திருப்பி எடுத்துக் காட்டு. எடுத்துட்டேன்னா கோர்ஸு பீஸை நானே கட்டுதேன். எடுக்க முடியலைன்னா ஏன் முடியலைன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டா, தமிழ்லயே எழுது, நானும் வாசிக்கணும்.

அதுவரைக்கும் அந்த கோர்ஸ்காரன் போன் பண்ணினா என்கிட்ட குடு. அவன் பேக்கப்பை எங்க வச்சிருக்கான்னு கேக்கணும்.