விடுமுறையில் ஓடுகிறவர்

ஊர் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, கோயில் கும்பிடப் போகிறவர்கள் உண்டு, சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கவே போகிறவர்களும் உண்டு. விடுமுறையில் ஓடுகிறவர் இந்த மூன்றிலும் சேராதவர். அவர் பார்க்கப் போவது தரை. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு நாளில், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னதால் ஓடத் தொடங்கியவர். சீனி இறங்கியது, ஓட்டம் இறங்கவில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ இருப்பார். லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் மனைவி தாய்வீடு என்பார், பிள்ளைகள் நீச்சல் குளம் என்பார்கள், இவர் மட்டும் "அங்கே ஏற்றம் எத்தனை மீற்றர்?" என்று கேட்பார். அதன்பிறகு நடப்பது சம்பந்தம் பேசுகிற வேலைதான். உயரம், சரிவு, நிழல், ஈரப்பதம், தெருவோரத்தின் அகலம் என்று பத்துப் பொருத்தமும் பார்ப்பார். ஒன்பது பொருந்தி வந்தாலும், நாய் என்கிற செவ்வாய் தோஷம் இருப்பதாகத் தெரிந்தால் அந்த ஊரைக் கழித்துவிடுவார். ஓடுகிற நேரத்தைவிட ஓடுமிடம் தேடுகிற நேரம் அதிகமாக இருக்கிறதே என்றால், அதுவும் பயிற்சியில் சேர்த்திதான் என்பார்.

கண்டி இவருக்குப் பார்த்த உடனே பிடித்துவிடும். காரணம் வாவி. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த அந்த வாவியை ஒருமுறை சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். சமதரை, மரநிழல். மூன்று சுற்றுக்குக் கிட்டத்தட்டப் பத்துக் கிலோமீற்றர். இந்தக் கிட்டத்தட்டதான் இவருக்கு உயிர்ப்பிரச்சினை. கைக்கடிகாரம் 9.7 என்று காட்டினால், மிச்சத்தை முடிக்க ஹோட்டல் வாசலில் முன்னும் பின்னும் ஓடுவார். எதையோ தொலைத்துவிட்டாராக்கும் என்று காவலாளி டோர்ச் அடித்துக்கூடத் தேடுவார். ஆனால் மனைவியின் தாய்வீடு வாவிக்கரையில் இல்லை, வத்தேகமவில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை தாண்டி மாத்தளை ரயில் போகிற வழியில் உள்ள சிறு நகரம். பன்வில பக்கம் திரும்பினால் ஏற்றம், வந்த வழியே திரும்பினால் இறக்கம். அந்த வட்டாரத்தில் ஓரளவு மட்டமாகப் போவது 1880இல் திறந்த ரயில்பாதை ஒன்றுதான். இவர் அதையும் ஒரு கணம் ஆசையோடு பார்ப்பார். தண்டவாளத்தில் நடப்பதே குற்றம் என்று மைத்துனர் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கும். கடைசியில் காலைச் சாப்பாடும் முடித்து, எட்டு மணிக்கு மஞ்சள் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தெருவில் இறங்குவார். கடைவாசலில் இருக்கிற பெரியவர் "என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று அனுதாபப்படுவார். ஓட்டோக்காரர் ஓரங்கட்டி "ஏறுங்க சேர், மடவளையில வச்சிப் புடிச்சிரலாம்" என்பார். அன்றிரவே தீர்ப்பு வந்துவிடும்: வத்தேகம ஓடுவதற்குத் தோதான ஊர் இல்லை.

இந்தத் தீர்ப்பில் ஊர்மேல் பிழை இல்லை, கேள்வியில்தான் பிழை. ஓடுவதற்கு நல்ல ஊர் என்று உலகம் புகழ்கிற இடங்களைக் கவனித்தால், புகழப்படுவது பெரும்பாலும் ஊர் அல்ல, வேளை. வெறிச்சோடிய தெரு, குளிர்ந்த காற்று, புகையில்லாத மூச்சு, இவை மூன்றும் எந்த வரைபடத்திலும் இல்லை; கடிகாரத்தில்தான் இருக்கின்றன. இவர் மெச்சிய அதே வாவிக்கரைக்குக் காலை ஐந்தரைக்கும் போய், ஏழே காலுக்கும் போய்ப் பார்க்கலாம். முதல் தடவை ஓட்டக்காரரின் சொர்க்கம். இரண்டாம் தடவை பாடசாலை வான்களும் பஸ்களும் முட்டிக்கொள்கிற கண்டி. தரை மாறவில்லை, தூரம் மாறவில்லை. இன்னொன்று: கண்டி நடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. மிக முந்திய உதயத்துக்கும் மிகப் பிந்திய உதயத்துக்கும் வித்தியாசம் அரைமணி அளவுதான். லண்டனில் டிசம்பர் கடைசியில் எட்டு மணியானாலும் சூரியன் உதிக்காது, ஜூனில் ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். வருடம் முழுக்க நேரம் தவறாமல் வருகிற இந்த விடியல்தான் மலைநாடு ஓட்டக்காரருக்குத் தருகிற சொத்து. அதைப் போர்வைக்குள் கழித்துவிட்டு, எட்டு மணி வெயிலை வைத்து ஊருக்குப் புள்ளி போடுகிறார் இவர். விடியலில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்குமே என்று அவர் வாதாடலாம். உண்மைதான், வியர்வை சீக்கிரம் காயாது. ஆனால் தலைக்குமேல் வெயில் இல்லாததும், வெப்பம் நாளிலேயே குறைவாக இருப்பதும் அந்தக் குறையைத் தாராளமாக ஈடுகட்டிவிடும்.

அடுத்து அவர் எடுக்கிற ஆயுதம் கென்யா. இத்தேன் என்கிற சிற்றூரில் உலகச் சம்பியன்கள் விளைகிறார்களே, அது இடத்தின் மகிமை இல்லையா என்பார். இத்தேன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒட்சிசன் அழுத்தம் குறைவதால், உடல் சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கி ஈடுகட்டும். இதற்குச் சுமார் இரண்டாயிரம் மீற்றராவது வேண்டும். மூன்று நான்கு வாரமாவது தங்கவும் வேண்டும். ஐந்து நாள் லீவில் வந்து, ஐந்நூறு மீற்றர் அளவு உயரமுள்ள கண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு உயரப் பயிற்சி எடுக்கிறேன் என்பவருக்குக் கூடுவது சிவப்பணு அல்ல, மாமியார் வீட்டுச் சாப்பாட்டின் எடைதான். சரி, 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்கே போனாலும் ஐந்து நாள் ஐந்து நாள்தான். அப்படியானால் இத்தேனிடமிருந்து சுற்றுலாக்காரர் கடன்வாங்கக்கூடியது எதுவுமே இல்லையா? ஒன்று உண்டு. இத்தேனும் நடுக்கோட்டை ஒட்டிய ஊர்தான். அங்கே ஓட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்படுவது காலை ஆறு மணிக்கு. உயரத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது, நேரத்தைக் கொண்டுவரலாம்.

ஏற்ற இறக்கம் என்ன செய்யும், முழங்கால் போய்விடாதா என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏற்றம் மூச்சை வாங்குமே தவிர, பாதம் தரையில் மோதுகிற அதிர்ச்சியைக் குறைத்துவிடும். தொடைத் தசையைப் பிழிந்து, மறுநாள் படியிறங்க விடாமல் செய்வது இறக்கம்தான். ஆகவே பன்வில வீதியில் மெதுவாக ஏறி ஓடி, பஸ்ஸில் இறங்கி வருவதுதான் புத்தி. அதற்கு இவர் சம்மதிக்கமாட்டார். பஸ்ஸில் வந்த தூரம் கணக்கில் சேராதே! கிலோமீற்றரை விட்டுவிட்டு, நாற்பது நிமிடம் ஓடினேன் என்று கணக்கு வைத்தால் அந்தக் கவலையும் இல்லை. மலையில் நிமிடம்தான் நேர்மையான அளவுகோல். மலைநாட்டில் காலால் சம்பாதித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கணக்கு வைத்தார்கள். தபால் கந்தோருக்கும் தோட்டத்துப் பங்களாவுக்கும் இடையே பை சுமந்து ஏறியிறங்கிய தப்பால்காரர் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை, சரிவை அளக்கவில்லை. நேரத்தை மட்டும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, போகிற தொழிலாளிக்கும் மணிதான் முக்கியம். லயத்து வீடுகளிலிருந்து மலையேறுகிற தோட்டத்துப் பெண்களுக்கு அன்றாடம் கிடைக்கிற ஏற்றத்தைப் பார்த்தால், இவருடைய கைக்கடிகாரம் வெட்கப்பட்டு அணைந்துபோகும். அவர்களுக்கு யாரும் பதக்கம் போடுவதில்லை என்பது வேறு கதை.

நாய், மழை, தனிமை ஆகிய மூன்றையும் சிரித்துத் தள்ள முடியாது. விடியற்காலை நாய்களுக்கும் உகந்த வேளைதான். அவை துரத்துவது ஓடுவதைப் பார்த்து என்பதால், ஓட்டத்தை நிறுத்தி அமைதியாக நடந்து கடப்பதே பெரும்பாலும் போதும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், வீரம் பேசக்கூடாது. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை கொட்டும். கண்டி, மாத்தளை மலைச்சரிவுகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிற நாளில் ஓடாமல் இருப்பதே பயிற்சி. பெண்கள் தனியாக இருட்டில் ஓடலாமா என்று கேட்பவர்களும் வீண்பயத்தில் கேட்கவில்லை. அதற்கும் விடை வேளையில்தான் இருக்கிறது: கும்மிருட்டில் வேண்டாம், பால்காரரும் பெரட்டுக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் தெருவில் இறங்கிய பிறகு, இருவராகப் போகலாம். ஊர் விழித்திருந்தும் வாகனம் நெருக்காத அந்த முக்கால் மணித்தியாலம் வத்தேகமவில் தாராளமாகக் கிடைக்கிறது.

பேர்லின், போஸ்டன், டோக்கியோ என்று மரதன் நகரங்களைச் சேகரிக்கிறவர்கள் சேகரிக்கட்டும். அது போட்டி, அதற்கு இடம் முக்கியம்தான். குடும்பத்தோடு லீவில் போகிறவருக்குப் போட்டி இல்லை, வீட்டார் எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டிய ஒரு சின்ன ஓட்டம்தான் இருக்கிறது. அதற்கு எந்த ஊர் நல்லது என்று ஆறு மாதம் ஆராய வேண்டியதில்லை. மனைவி சொல்கிற ஊருக்கு டிக்கெட் எடுங்கள், ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள். அந்த அலாரத்துக்கு எழும்பாதவருக்கு வத்தேகமவும் உதவாது, இத்தேனும் உதவாது.