யார் கையில் மைக்?

கே: அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாட்காஸ்ட்டுகளில் அப்படி என்ன விசேஷம்? எல்லோரும்தானே பேசுகிறார்கள்!
– கல்லூரி மாணவி, சேலையூர்

ப: யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது சங்கதி. வெள்ளையர் நடத்தும் நிகழ்ச்சிக்கு ஒரு கறுப்பினப் பெண் வந்தால், தலைமுடி முதல் கோபம் வரை எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். கிட் ஃப்யூரியும் கிரிசிலும் 2013இல் தொடங்கிய ‘தி ரீட்’ கேட்டுப் பாருங்கள். விளக்கமே கிடையாது. முடிதிருத்தும் கடையில் நண்பர்கள் அரட்டை அடிப்பதுபோல, தங்கள் பேச்சுவழக்கிலேயே சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். புரிந்தவர் கேட்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு ஏங்காத ஒடுக்கப்பட்ட சமூகம் உண்டா?

கே: இதெல்லாம் செல்போன் வந்த பிறகுதானே?
– ரயில் பயணி, பெருங்களத்தூர்

ப: கருவிதான் புதிது. கறுப்பினத்தவர் தமக்கென்று நியூயார்க்கில் ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ இதழைத் தொடங்கியது 1827இல். அவர்களில் ஒருவரான ஜெஸ்ஸி பிளேட்டன் அட்லாண்டாவில் ஒரு வானொலி நிலையத்தையே விலைக்கு வாங்கியது 1949இல்.

கே: நம்ம ஏரியாவில் அப்படி யாராவது உண்டா?
– வாசகர், குரோம்பேட்டை

ப: தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குள் போங்கள். காலையிலேயே ஓ.பி. சீட்டுக்கு வரிசை நிற்கும். அந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். சித்த வைத்தியர் என்பதால் சூட்டிய பெயர். மருந்து வாங்கித் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பத்திரிகை நடத்தியவர் என்று தெரியும்?

1907 ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை அவர் தொடங்கினார். விலை பெயரிலேயே இருக்கிறது. மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைப் பூர்வ பௌத்தர்கள், சாதியற்ற தமிழர்கள் என்றார். வரலாறு, இலக்கியம், அரசியல் என்று ஒன்றையும் விடவில்லை. வாசகர் கேள்விகளுக்கும் பதில் எழுதினார். கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர் நடுவே அந்த இதழுக்கு வேர் பிடித்தது. 1914இல் அவர் மறைந்த பிறகு, 1926இலிருந்து ‘தமிழன்’ அங்கிருந்தே வெளிவந்தது.

அவருக்கும் முன்னால், 1893இல், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. ஏசுவதற்கு ஊர் எடுத்த சொல்லைத் தலைப்பில் அச்சடித்து விற்ற மனிதர். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

கே: அமெரிக்க நிறவெறிக்கும் நம்மூர்ச் சாதிக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பல்லாவரம்

ப: மராட்டியச் சீர்திருத்தவாதி புலே 1873இல் போட்ட முடிச்சு, ஐயா. ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது.

கே: இன்றைக்கு அந்த வரிசையில் யார்?
– கானா ரசிகர், மேடவாக்கம்

ப: 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானாவும் ராப்பும் ஒரே மேடையில். குழுவின் பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து வந்தது. ஆண்களே கோலோச்சிய கானாவில் இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

கே: எனக்கும் பாட்காஸ்ட் பேச ஆசை சார். ‘உன் தமிழ் ரொம்ப லோக்கல்’ என்று வாயை அடைக்கிறார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், முடிச்சூர்

ப: அந்தத் தமிழிலேயே பேசுங்கள். முடிச்சூர்க்காரருக்கு முடிச்சூர்த் தமிழ் புரியாதா? 2015 வெள்ளத்தில் உங்கள் தெரு பட்ட பாட்டை, பட்டவர் வாயால் கேட்க எனக்கு ஆசை. போன் போதும். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், போனை வாயருகே ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். இன்னொன்று: சிதறிக் கிடந்த ‘தமிழன்’ எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுத்து, அவை நூலாக வர 1999 ஆயிற்று. செயலியில் ஏற்றியதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டு, தேதி எழுதி, வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.