குழாய் பற்றியது எப்படி? காலச் சக்கரக் காப்பியத்தின் கடைசிப் புகை குறித்த ஆய்வேட்டின் சுருக்கம்

1. ஆய்வுச் சிக்கல்

ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ பதினான்கு தொகுதிகள் கொண்டது. முன்கதை ஒன்று தனி. மொத்தம் ஏறத்தாழ 44 லட்சம் சொற்கள். இவற்றுக்குள் அரசுகள் கவிழ்கின்றன, மலை பிளக்கிறது, மாண்டவர்கள் வேறு உடம்பில் திரும்பி வருகிறார்கள், காலச் சக்கரத்தை ஒரேயடியாக உடைத்துப்போட இருள்தலைவன் முயல்கிறான். இவை எதைப் பற்றியும் இவ்வாய்வு கவலைப்படாது.

2013 ஜனவரியில் வெளிவந்த கடைசித் தொகுதியின் முடிவில் நாயகன் ராண்ட் அல்தோர் புகைக்குழாய் ஒன்றை எடுக்கிறான். பற்றவைக்கக் கையில் ஒன்றுமில்லை. பற்றியிருப்பதாக நினைக்கிறான். பற்றியிருக்கிறது. பிறகு அவன் தன் வழியே போய்விடுகிறான். வாசகர்கள் மட்டும் இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறார்கள்.

இத்தொகுதியின் ‘கடைசிப் போர்’ என்ற ஒற்றை அதிகாரம் மட்டுமே 80,000 சொற்களை நெருங்கும். குழாய்க்குக் கிடைத்ததோ சில வரிகள். ஆனால் போரைப் பற்றி வாசகர்கள் ஒருவாறு சமாதானமாகிவிட்டார்கள், குழாயைப் பற்றி ஆகவில்லை. ஏன் என்பதே ஆய்வுக்குரிய வினா.

(முடிவை முன்கூட்டியே போட்டுடைப்பதாகக் குறைபட வேண்டாம். பத்தாண்டுக்கு மேல் பொறுத்தாயிற்று.)

2. ஆய்வு எல்லை

மந்திரக் கதையில் மந்திரத்தால் நெருப்பு வருவதில் என்ன வியப்பு என்று வெளியார் கேட்பார்கள். அவர்களுக்காக இப்பகுதி.

இவ்வுலகில் மந்திரம் என்பது இஷ்டத்துக்கு நடப்பதல்ல. உலகை இயக்கும் சக்தி ஒன்று. அதன் ஆண்பாதி சாய்டின், பெண்பாதி சாய்டார். நிலம், காற்று, நெருப்பு, நீர், ஆன்மா என ஐந்து வகை இழைகளை அதிலிருந்து இழுத்துப் பின்ன வேண்டும். யாருக்கு எந்த இழை நன்றாக வரும், எவ்வளவு இழுத்தால் ஆள் கருகிப்போவார் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. குழாய் பற்றவைக்க நெருப்பிழையில் ஒரு துளி போதும். பயிற்சி பெற்ற ஆணுக்கு இது கொட்டாவி விடுகிற வேலை.

சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் ராண்டால் சாய்டினைத் தொடவே முடியவில்லை. போரின் முடிவில் அவன் உயிர், எதிரியான மோரிடினின் உடம்புக்குள் வந்துவிட்டது. அவனுடைய பழைய உடம்பு சிதையில் எரிகிறது. புதிய உடம்பில் இருந்துகொண்டு தேடினால் சக்தியின் ஊற்று தட்டுப்படவில்லை. அதாவது சந்தேகத்துக்குரிய ஒரே ஆளுக்கு ஆயுதமே கிடையாது. தடயமாக எஞ்சுவது புகை ஒன்றுதான்.

3. முன்னாய்வுகள்

இக்காப்பிய வாசகர்கள் வழக்காடுவதில் பழுத்தவர்கள். 1993இல் வந்த ஐந்தாம் தொகுதியின் இறுதியில் ஆஸ்மோடியன் என்ற பாத்திரம் ஒரு கதவைத் திறக்கிறான், அங்கே நின்ற யாரையோ கண்டு அதிர்கிறான், சாகிறான். கொன்றது யார் என்று நூல் சொல்லவில்லை. பதினேழு ஆண்டுகள் வாதம் நடந்தது. சந்தேகத்துக்குரியோர் பட்டியல் ஊர்வாரி வாக்காளர் பட்டியல்போல் நீண்டது. 2010இல் வந்த பதின்மூன்றாம் தொகுதியின் சொல்லடைவில் விடை இருந்தது: கிரேண்டல் என்ற வில்லி. அன்றோடு ஒரு முழு ஆய்வுத்துறை வேலையிழந்தது.

மஸ்ரிம் டாயிம் என்பவன் உண்மையில் மாறுவேடத்தில் இருக்கும் டெமான்ட்ரெட் என்ற வில்லனே என்று நிறுவியவர்களும் உண்டு. அப்படியில்லை என்று ஆசிரியரே மறுத்தார். அவர் மறுத்ததையே சான்றாகக் கொண்டவர்களும் இருந்தார்கள்.

முன்னாய்வுகளிலிருந்து தெரிவது ஒன்று. விடை வந்ததும் வாதம் செத்துவிடுகிறது. இதைப் பின்னால் பயன்படுத்துவோம்.

4. கருதுகோள்கள்

குழாய் குறித்து நிலவும் பள்ளிகளைக் கீழ்க்காணுமாறு வகைப்படுத்தலாம்.

நெசவுவாதிகள். பெரும்பான்மையினர். இருள்தலைவனோடு மோதும்போது ராண்ட் உலகத்துக்கு வெளியே, காலத்துக்கு வெளியே நிற்கிறான். இருவரும் இழைகளைக் கொண்டு நடக்கக்கூடிய உலகங்களை மாறிமாறி நெய்து காட்டுகிறார்கள். அங்கே கற்ற கை சும்மா இருக்குமா? சக்தியைக் கேட்காமல் உலக நெசவிடமே நேரடியாகச் சொல்லிவிட்டான், அது கேட்டுக்கொண்டது என்பது இவர்கள் கட்சி. மறுப்பு: உலகமே சொல்பேச்சுக் கேட்கும் என்றால் மனிதன் குழாயோடு நிறுத்துவானா? மறுப்புக்கு மறுப்பு: களைத்துப்போனவன் முதலில் கேட்பது அதைத்தான்.

கனவுவாதிகள். இக்காப்பியத்தில் டெலரன்ரியாட் என்ற கனவுலகம் உண்டு. அங்கே நினைத்தது நடக்கும். ராண்டின் நண்பன் பெர்ரின் அதில் வல்லவன். குழாய் பற்றிய விதம் அப்படியே கனவுலக விதம்தான் என்கிறார்கள் இவர்கள். நடைமுறையை விளக்குவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ராண்ட் அப்போது விழித்திருந்தான் என்பது ஒன்றே இடறல்.

இருட்சக்திவாதிகள். மோரிடின் இருள்தலைவனிடமிருந்து வரும் தனிச்சக்தியைப் பயன்படுத்திப் பழகியவன். உடம்பு அவனுடையது, பழக்கமும் உடம்போடு வந்திருக்கும் என்பது வாதம். அந்தச் சக்தியின் ஊற்றை அப்போதுதான் அடைத்து முத்திரை வைத்திருக்கிறார்கள். இக்கருதுகோள் மெய்யானால் பதினான்கு தொகுதி உழைப்பும் ஓர் இழுப்புப் புகையில் வீணாகிறது. எனவே ஆதாரக் குறைவால் மட்டுமல்லாமல் மனவேதனையாலும் தள்ளப்படுகிறது.

இறைவாதிகள். படைத்தவனே தந்த பரிசு என்பர் சிலர். ராண்டே கடவுளுக்கு அடுத்தபடியில் ஏறிவிட்டான் என்பர் வேறு சிலர். குழாய்க்கு நெருப்புக் கேட்ட இடத்தில் ஒரு சமயமே கிடைத்துவிடுகிறது.

நாகோமிவாதிகள். கடைசி இரு தொகுதிகளில் எங்கிருந்தோ வந்து எங்கோ மறையும் ஐயில் இனத்துப் பெண் நாகோமி. அவளையும் இன்னாரென்று நூல் விளக்கவில்லை. ஆகவே குழாய்க்கும் அவளுக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்கிறது இப்பள்ளி. தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்கும் இம்முறைக்கு ஆய்வுலகில் நீண்ட மரபு உண்டு.

தீக்குச்சிவாதிகள். இப்பள்ளியை இவ்வாய்வாளர் தாமே தொடங்க விரும்புகிறார். அலுட்ரா என்ற வாணவேடிக்கைக்காரி இவ்வுலகில் தீக்குச்சியைக் கண்டுபிடித்துவிட்டாள். உரசினால் பற்றும் குச்சி. ஆனால் உலகைக் காத்தவன் சட்டைப்பையில் ஒன்றையும் யாரும் போட்டுவைக்கவில்லை. ஆராய வேண்டியது மந்திரத்தையா, பயண ஏற்பாட்டையா?

5. ஆசிரியர் இருவர்

சார்ல்ஸ்டனில் பிறந்த ஜோர்டனின் இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. வியட்நாமில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர். திரும்பி வந்து சிட்டாடல் கல்லூரியில் இயற்பியல் படித்து, அமெரிக்கக் கடற்படைக்கு அணுப் பொறியாளராக வேலை பார்த்தார். அவர் மந்திரத்துக்கும் விதிமுறைகள் இருந்ததில் வியப்பில்லை. நூல்களின் ஆசிரியர் குறிப்பில் அவருடைய பொழுதுபோக்குகளுள் ஒன்றாகப் புகைக்குழாய் சேகரிப்பு குறிக்கப்பட்டிருக்கும். இது துணைமைச் சான்றாக ஏற்கப்படுகிறது.

முதல் தொகுதி 1990இல் வந்தது. கடைசிக் காட்சி அதற்கு முன்பே தம் மனத்தில் இருந்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வாசகர்கள் எதைக் கேட்டாலும் ‘படித்துத் தெரிந்துகொள்’ என்பதே அவர் வழக்கமான பதில். ரசிகர்கள் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ராஃபோ’ என்று ஒரு சொல்லையே ஆக்கிக்கொண்டார்கள். 2007 செப்டம்பர் 16 அன்று அவர் இறந்தார். கடைசிக் காட்சியை எழுதி வைத்துவிட்டே போயிருந்தார். குழாய் அவர் கைவேலை.

நடுவில் விட்டுப்போனதை முடிக்க, மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்தவர் பிராண்டன் சாண்டர்சன். விதி இதில் கொஞ்சம் விளையாடியது. மந்திரத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அவ்வளவுக்கே அதைக் கொண்டு கதைச் சிக்கலைத் திருப்தியாகத் தீர்க்க முடியும் என்று அதே 2007இல் ஒரு விதியை வகுத்தவர் அவர். அத்தகையவர் பெயர் தாங்கிய நூலின் கடைசிப் பக்கத்தில் விதியே இல்லாத ஒரு குழாய்.

அவர்மேல் குற்றமில்லை என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. அவர் விதி, சிக்கலைத் தீர்க்கும் மந்திரத்துக்குத்தான். குழாய் எச்சிக்கலையும் தீர்க்கவில்லை. உண்டாக்க மட்டுமே செய்தது.

6. கண்டறிந்தவை

முதலாவது. டோல்கீனின் காண்டால்ஃப் கோல்நுனியில் ஒளி ஏற்றியபோது, எங்கிருந்து வந்தது அந்த ஒளி என்று பெரும்பாலான வாசகர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. அவர் கணக்குக் காட்டுவதாகச் சொன்னதே கிடையாது. ஜோர்டனோ பதினான்கு தொகுதிக்கும் ஒவ்வொரு பொறிக்கும் ரசீது வைத்தவர். கடைசியில் ஒரு செலவுக்கு மட்டும் ரசீது தராமல் போய்விட்டார். மந்திரம் புரியவில்லை என்று எவரும் அலறவில்லை. மற்றதெல்லாம் புரிந்துவிட்டதால்தான் இது உறுத்துகிறது.

இரண்டாவது. ராண்டின் வாழ்வில் பிறப்பு, காயம், இரத்தம் சிந்தும் இடம், சாவு என எல்லாவற்றையும் தீர்க்கதரிசனங்கள் முன்பே எழுதிவிட்டன. அவன் எடுத்துவைத்த அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய வரி காத்திருந்தது. குழாய்க்கு மட்டும் எந்த வரியும் இல்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு காரியத்தை அவன் செய்வது அநேகமாக அங்கேதான். அதற்கு விளக்கம் கொடுத்தால் அதுவும் இன்னொரு தீர்க்கதரிசனம்போல் ஆகிவிடும். ஆசிரியர் விளக்காமல் விட்டது மறதியால் அல்ல, மரியாதையால் என்று கொள்ள இடமிருக்கிறது.

மூன்றாவது. ‘படித்துத் தெரிந்துகொள்’ என்ற பதில், படிக்க இன்னும் பக்கம் இருக்கும்வரைதான் பதில். கடைசிப் பக்கத்தில் அது வாசகர் தலையில் விழுந்த வேலை. ஆஸ்மோடியன் வழக்கைச் சொல்லடைவு முடித்துவைத்தது. குழாய் வழக்கை முடிக்கச் சொல்லடைவு எழுதுகிறவர் இல்லை. ஆகவே அது முடியாது, ஆய்வாளர்களுக்கும் வேலை போகாது.

7. எதிர்கால ஆய்வுக்குப் பரிந்துரைகள்

அ. 2021இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் மூன்று பருவங்களோடு 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், குழாய் திரையில் எப்படிப் பற்றியிருக்கும் என்பதற்குத் தரவு இல்லை. நடிகர் நெற்றியைச் சுருக்கியிருப்பாரா, கண்ணை மூடியிருப்பாரா என்பதன்மேல் தனி ஆய்வேடு வரையலாம்.

ஆ. ஜோர்டனின் கைப்படிகளும் குறிப்புகளும் சார்ல்ஸ்டன் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நிதி கிடைத்தால் ஆய்வாளர்கள் அங்கே செல்லலாம். ஆனால் விடையைக் கண்டெடுத்து வரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது துறையின் எதிர்காலத்துக்கு நல்லது.

இ. இதுவரை எவரும் தொடாத சிக்கல் ஒன்று இருக்கிறது. குழாய் பிடிப்பவர்கள் அறிவார்கள், அது ஒருமுறை பற்றினால் கடைசிவரை கனிந்துகொண்டிருக்கும் பொருளல்ல. அணையும், மறுபடி பற்றவைக்க வேண்டும். சேகரிப்பாளரான ஜோர்டனுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். ராண்ட் கொஞ்ச தூரம் போனதும் குழாய் அணைந்திருக்கும். அவன் மறுபடி நினைத்திருப்பான். மறுபடியும் பற்றியிருந்தால் அது விதி, அதற்கு உரை எழுதலாம். பற்றவில்லையென்றால் முதல் தடவை நடந்தது அற்புதம், வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டாம் சோதனைக்கு முன்பே நூலை முடித்துவிட்டார், இயற்பியல் படித்த மனிதர்.