இரண்டாவது அலமாரி

1986-இல் நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். ஏரிக்கரை வேலைக்குக் கூலி குறைந்துவிட்டதென்று ஒரு பெரியவர் வாராவாரம் வருவார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பார்.

"சாமி, எங்க ஊரு கணக்குல எத்தினி ஆளு எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் அரசாங்க ரகசியம், போய்யா."

1923-இல் வெள்ளைக்காரன் போட்ட ரகசியச் சட்டம் உளவாளிகளை மனத்தில் வைத்து எழுதியது. நாங்கள் அதை மண் சுமப்பவர்களுக்கும் நீட்டித்திருந்தோம். ஆள் கணக்கு எழுதிய அந்த மஸ்டர் ரோல் இருந்ததென்னவோ இரண்டாவது அலமாரியின் மேல்தட்டில், பூட்டுக்கூட இல்லாமல்.

அதே மஸ்டர் ரோலைத்தான் ராஜஸ்தானில் சமூக ஆர்வலர் அருணா ராயும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பும் கேட்டார்கள். ஊர் நடுவே பந்தல் போட்டுக் கணக்கை உரக்க வாசித்தால், செத்துப்போனவர்களும் கூலி வாங்கியிருந்தார்கள். 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா. மறுவருடமே, இந்தியாவில் முதலாவதாக, நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு தகவல் சட்டம் போட்டது. அதன் விதிவிலக்குப் பட்டியலைப் படித்தபிறகு எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தூக்கம் கெடவில்லை.

2005 அக்டோபர் 12-இல் மத்திய அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும் கொஞ்சம் கெட்டது. 'போய்யா' போய், 'பார்வையில் காணும் தங்கள் மனு' வந்தது. மறுப்புக்கும் கோப்பு எண், பிரிவு எண், பதிவஞ்சல் மரியாதை. 'கோரிய கோப்பு, தீவிரமாகத் தேடியும், கிடைக்கப்பெறவில்லை' என்று இளையவர்களுக்கு வரைவு போட்டுக் கொடுத்தவனே நான்தான். நல்ல வாக்கியம் என்று அப்போது பெருமை வேறு.

ஓய்வுபெற்றபின், அதே ஏரிக்கரையில் போன வருடம் நடந்த வேலைக்கு அளவுப் புத்தக நகல் கேட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒப்புகை அட்டை, எல்லாம் முறைப்படி. 29-ஆம் நாள் பதில் வந்தது. கோரிய கோப்பு, தீவிரமாகத் தேடியும், கிடைக்கப்பெறவில்லை. என் காற்புள்ளி இரண்டும் இடம் மாறாமல் இருந்தன. முதல் மேல்முறையீட்டை விசாரித்தவர் அடுத்த அறைக்காரர். அவரும் தேடிப் பார்த்தாராம். இப்போது தகவல் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்ற விவரத்தோடு.

நீங்கள் மனுப் போட்டால் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். 'இன்ன ஆவணத்தின் நகல் தருக' என்று மட்டும் கேளுங்கள். 'ஏன்' என்று கேட்டால், அது தகவலே அல்ல என்று எழுத எங்களுக்கு, இல்லை, அவர்களுக்கு ஒரு வரி போதும்.