பத்துக்கு எட்டு

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அப்கார் 8/10’ என்றிருந்தது. பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத நிலையில் என் மகள் இரண்டு மார்க்கைக் கோட்டை விட்டிருந்தாள்.

“அந்த ரெண்டு எங்க போச்சு டாக்டர்?” என்று கேட்டேன். ஒவ்வொரு ரேங்க் கார்டையும் கையெழுத்துப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் அப்பா கேட்ட கேள்வி. எனக்கு அவர் விட்டுச்சென்ற ஒரே சொத்து.

டாக்டர் பொறுமைசாலி. வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் 1952இல் வகுத்த கணக்காம் இது. நிறம், நாடித்துடிப்பு, சீண்டினால் முகம் சுளிப்பது, கைகால் அசைவு, மூச்சு என்று ஐந்துக்கும் தலா இரண்டு. பிள்ளைக்கு உடனடி உதவி வேண்டுமா என்று பார்க்கத்தான். ஏழு இருந்தாலே நிம்மதி. பிறந்தவுடன் கைகால் நீலம் பாரித்திருப்பது சகஜம் என்பதால் முதல் நிமிஷத்தில் முழு பத்து வாங்குவது அபூர்வம். ஐந்தாவது நிமிஷம் மறுபடி பார்த்தபோது ஒன்பது. “அரியரைக் கிளியர் பண்ணிட்டா” என்று மனைவியிடம் ஓடினேன். தையல் வலியில் இருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிலிருபின் 16 என்றார்கள். கடைசியில் ஒரு பெரிய எண்! முகம் மலர்ந்ததை நர்ஸ் பார்த்துவிட்டார். “சார், இது மஞ்சள் காமாலை” என்றார். பிஞ்சுக் கல்லீரலால் வெளியேற்ற முடியாத நிறமியாம். நீல விளக்கின் கீழ், கண்ணுக்குப் பட்டை கட்டிப் படுக்க வைத்தார்கள். அன்று நான் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை.

புத்தி வந்ததா என்றால், இல்லை. மூன்றாம் மாதம் எடை பார்த்தவர் “பதினைஞ்சாவது பெர்சன்டைல்” என்றார். நூற்றுக்குப் பதினைந்து, பாஸுக்கு இன்னும் இருபது வேண்டும். அன்று மாலையே சத்துமாவு டப்பாவோடு வீடு வந்தேன். “ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால்தானே மாப்ளே?” என்று மாமியார் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் அந்த டப்பாவில் அவருக்கே கஞ்சி.

ஒரே வயதுள்ள நூறு பிள்ளைகளை எடைப்படி நிறுத்தினால் பதினைந்து பேர் இவளைவிட லேசு, அவ்வளவுதான் அர்த்தம் என்று டாக்டர் படம் போட்டே விளக்கினார். தன் கோட்டை விட்டுச் சரியாமல் வளர்ந்தால் போதுமாம். தலையாட்டினேன். வரிசையில் முன்னால் நிற்கும் எண்பத்தைந்து பேரின் அப்பாக்கள் மேல் பொறாமையாக இருந்தது.

தடுப்பூசிக்குக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கைக் குழந்தையின் அட்டையை ஓரக்கண்ணால் படிக்க முயன்றேன். நிமிர்ந்தால், அதன் அப்பா என் கையிலிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

“பாப்பா எவ்வளவு சார்?” என்றார்.

“பதினைஞ்சு.”

அவருக்கு மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை. அவர் மகன் பதினெட்டாம்.